எந்தப் படை என்று கேட்காதீர்கள்: நம் தூண்டில் கழகத்துக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழு அண்ணன்மார்களுக்கும், குழுவில் ஒரே பெண்ணாக இருந்து கணக்குப் பார்க்கும் அக்காவுக்கும், சனிக்கிழமை விடிவதற்கு முன்பே டர்பன் ப்ளூ லகூன் கரை மணலில் தூண்டில் ராடு ஊன்றிவிடும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

போன கூட்டத்தில் கை தூக்கினேன். நேரமாகிவிட்டது, அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்றீர்கள். அடுத்த கூட்டம் வருவதற்குள் முன்னாள் படைவீரர்களுக்கான மீன்பிடி நாளின் போஸ்டர் அச்சாகிவிடும், அதனால்தான் இந்த மடல். நம்மில் பாதிப் பேருக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. எனக்கும் அது தெரியும். படிக்கத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எனக்குத் தானாகவே மரியாதையாக, வழவழவென்று எழுத வந்துவிடுகிறது. இதை அப்படி எழுத எனக்கு விருப்பமில்லை.

முன்னாள் படைவீரர்களைக் கரைக்கு அழைத்து வந்து மீன் பிடிக்க வைப்பது என்று கழகம் எடுத்த முடிவு நல்ல முடிவு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் குறை சொல்ல மட்டும் வந்தவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். இத்தனை வருடம் கோப்பையும் பார்பெக்யூவுமாக ஓடிக்கொண்டிருந்த கழகம் முதல் தடவையாக வெளியே ஒருவருக்காக ஏதோ செய்யலாம் என்று உட்கார்ந்து பேசியிருக்கிறது. பேசிய விதம்தான் எனக்குச் சரிப்படவில்லை.

போஸ்டரில் இருந்து ஆரம்பிக்கிறேன், அது சின்ன விஷயம். நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 40 பேர், டி-ஷர்ட், மதியச் சாப்பாடு, பெரிய மீனுக்குப் பரிசு. மேலே ஒரு பெரிய ஷேட் மீன் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. அண்ணன்மார்களே, 1 அக்டோபர் முதல் 30 நவம்பர் வரை ஷேட் பிடிக்கத் தடை. இது கழகத்துக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நாட்டுக்காகச் சண்டை போட்டவரை அழைத்து வந்து, நம் போஸ்டரைப் பார்த்து ஆசைப்பட்டு அவர் ஒரு ஷேட்டைப் பையில் போட்டுக்கொண்டால், அபராதம் கட்டப்போவது அவர்தான். படத்தை மாற்றுங்கள். படம் போட்டுக் கொடுத்தவர் விளம்பரம் கொடுக்கிறவருடைய மருமகன் என்பதும் தெரியும், இருந்தாலும் மாற்றுங்கள்.

அடுத்தது வெடி. போட்டி தொடங்குவதற்கு அடையாளமாகப் பத்தாயிரம் வாலா கொளுத்தலாம், தீபாவளிக்கு வாங்கியதில் மிச்சம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார், எல்லோரும் சிரித்தீர்கள், குறிப்பில் எழுதியும் கொண்டீர்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு தீபாவளி இரவு வந்து பாருங்கள். அப்பா சாயங்காலமே நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நாய் பயப்படுகிறது என்பார். நாய் செத்து மூன்று வருடமாகிறது. இப்போதும் போய்ச் சாத்திக்கொள்கிறார்.

ஆமாம், என் அப்பாவும் ஒரு முன்னாள் படைவீரர். கழகத்தில் இதை நான் சொன்னதே இல்லை. அவரும் சொன்னதில்லை. இப்போது அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதே, மற்றபடி உன் இஷ்டம்" என்றார்.

எழுபதுகளின் நடுவில், டர்பன் துறைமுகத்துக்குள் இருக்கிற சாலிஸ்பரி தீவில், இந்தியர்களைக் கடற்படைக்குப் பழக்க எஸ்.ஏ.எஸ். ஜல்சேனா என்று ஒரு பயிற்சித் தளம் திறந்தார்கள். வெள்ளைக்காரப் பையன்களுக்கு ராணுவம் கட்டாயம், நம் ஆட்களுக்குக் கட்டாயம் கிடையாது, விருப்பப்பட்டால் சேரலாம். விருப்பப்பட்டு யார் சேர்வார்கள்? வீட்டில் ஐந்து தங்கை தம்பி, சாட்ஸ்வர்த்தில் இரண்டு அறை வீடு, தகப்பனார் சர்க்கரை ஆலையில் கையைப் பறிகொடுத்தவர். அப்பா பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தார். தெருவில் யாருக்கும் சொல்லவில்லை. துறைமுகத்தில் கிளார்க் வேலை என்றார்கள். சீருடையைப் பையில் வைத்து எடுத்துப்போய் அங்கேதான் மாற்றுவார். வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களில் வயதானவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிறவெறி அரசாங்கத்தின் சம்பளத்தை வாங்கியவன் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள், காவடிக்குத் தோள் கொடுக்க மாட்டார்கள். 1984இல் வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் இந்தியருக்கும் தனித்தனி அவை வைத்து மூன்று அவைப் பாராளுமன்றம் வந்தபோது, ஓட்டு ஒரு கையில் கொடுத்து இன்னொரு கையால் நம் பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்று வீடு வீடாகப் பிரசாரம் நடந்ததே, அந்தக் கூட்டங்களுக்கு அம்மா போயிருக்கிறார். அப்பா வீட்டில் உட்கார்ந்து எங்களுக்குச் சோறு ஊட்டினாராம்.

இன்ஜின் அறைச் சத்தத்தில் அவருக்கு வலது காது போய்விட்டது. தூக்கமும் போனது, அது எந்த அறையில் போனது என்று எனக்குத் தெரியாது. கேட்டால் பதில் வராது.

இப்போது நம் கழகத்தின் விண்ணப்பப் படிவத்துக்கு வருகிறேன். மூன்றாவது கேள்வி: "எந்தப் படையில் பணியாற்றினீர்கள்?" நான்காவது: "அரசுப் பதிவேட்டில் பெயர் உள்ளதா? சான்று இணைக்கவும்." கூட்டத்தில் இதைப்பற்றி நடந்த பேச்சு எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. ஒரு பக்கம், "போராட்டத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் செய்யலாம், அந்தக் காலத்து அரசாங்கத்துக்கு வேலை பார்த்தவனுக்கு நம் காசில் பன்னி சௌ (ரொட்டிக்குள் கறி) வாங்கிக் கொடுக்க வேண்டுமா?" இன்னொரு பக்கம், "புதரில் ஓடியவனெல்லாம் இப்போது படைவீரன் என்கிறான், காகிதம் இருக்கிறவனுக்குத்தான் கொடுக்க வேண்டும்." இரண்டு பக்கமும் கத்தி முடித்து, சமாதானமாக இரண்டு நிபந்தனையையும் படிவத்தில் போட்டுவிட்டீர்கள். இரண்டையும் போட்டால் யார் மிஞ்சுவார் என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? முதல் நிபந்தனையில் என் அப்பா வெளியே. இரண்டாவதில் பீனிக்ஸ் பகுதியிலிருந்து வருகிற மாமா வெளியே.

அந்த மாமாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். பச்சைத் தொப்பி, ஒட்டுப்போட்ட வாளி, யாரிடமும் பேசாதவர். அவர் எண்பதுகளில் ஸ்வாசிலாந்து வழியாக நாட்டை விட்டு வெளியேறி, ஏ.என்.சி.யின் ஆயுதப் படையான உம்கொந்தோ வே சிஸ்வேயில் சேர்ந்து, அங்கோலா முகாம்களில் இருந்தவர். மலேரியா மூன்று தடவை. ஏ.என்.சி. மீதான தடை நீங்கித் திரும்பி வந்தபோது அவரைப் பெற்றவள் இறந்து ஒரு வருடமாகியிருந்தது. 27 ஏப்ரல் 1994இல் எல்லாப் படைகளும் ஒன்றாகி இன்றைய தேசியப் பாதுகாப்புப் படை உருவானபோது, பட்டியலில் தன் பெயர் எழுத்துப் பிழையோடு இருந்தது, அதைத் திருத்தத் தான் அலைந்தது, ஓர் அலுவலகத்தில் மூன்றாவது தடவையாக அதே காகிதத்தைக் கேட்டபோது காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நடந்து வந்தது எல்லாம் அவரே சொன்னது. ஆக, சான்று இணைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. கிழித்தது தப்புதான் என்று அவரும் ஒத்துக்கொள்கிறார்.

இவர்கள் இரண்டு பேரும் ப்ளூ லகூனில் ஆற்றுவாய்க்கு இந்தப் பக்கம், பத்தடி தள்ளி, ஆறேழு வருடம் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்தில் நான் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பேன், தேநீர் ஊற்றினால் அவருக்கும் ஒரு கோப்பை நீட்டுவேன், வாங்கிக்கொள்வார், தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு காலை. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, ஓரத்து ஆழமில்லாத இடத்தில் கிரண்டர் மீன் மேய வந்திருந்தது. அது சேற்றுக்குள் இருக்கிற இறாலை ஊதி வெளியே தள்ளித் தின்னும்போது வால் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியுமே, அந்த வாலை அப்பாதான் எனக்குக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் மாமாவின் ரீல் கத்த ஆரம்பித்தது. மீன் நேராக எங்கள் பக்கம் ஓடி அப்பாவின் தூண்டில் நரம்பில் சுற்றிக்கொண்டது. அப்பா எதுவும் பேசாமல் தன் ராடை என்னிடம் கொடுத்துவிட்டு, பல்லில் கத்தியைக் கடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி, சிக்கலைப் பிரித்து, மீனை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி வந்தார். மணலில் வைத்ததும் அது உறுமியது. கிரண்டர் உறுமும் என்பது நமக்குப் பழக்கம், ஆனாலும் அன்றைக்கு அது உறுமிய உறுமலில் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மனு கொடுக்குது" என்றார். நான் அவர் குரலை முதல் தடவை கேட்டேன். அளந்தோம். 39 சென்டிமீட்டர். 40 இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். ஒன்றும் செய்ய முடியாது, மனு ஏற்கப்பட்டது, விட்டுவிட்டோம்.

அப்பா தன் நரம்பை அறுத்துவிட்டுப் புதிதாகத் தூண்டில் முள் கட்ட உட்கார்ந்தார். மாமா அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை வருஷம் தீவில் இருந்தீங்க?" என்றார். அப்பாவுக்குக் கை நின்றுவிட்டது. "யார் சொன்னது?" "யாரும் சொல்லலை. அது கப்பல்காரன் முடிச்சு."

எனக்கு வயிறு கலங்கியது. அப்பா முள்ளைக் கட்டி முடித்துவிட்டு, "ஒன்பது வருஷம்" என்றார். மாமா தலையை ஆட்டினார். தன் வாளியை எடுத்துக்கொண்டார், போய்விட்டார்.

அடுத்த இரண்டு வாரம் வரவில்லை. அப்பாவும் மூன்றாவது வாரம் போக வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். போனால் மாமா வழக்கமான இடத்தில் இருக்கிறார். எங்களைப் பார்த்துவிட்டு, "மத்தி இருந்தா ரெண்டு குடுங்க, என்னோடது நொந்துபோச்சு" என்றார். அன்றிலிருந்து இரையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். நண்பர்கள் ஆகிவிட்டார்கள் என்று நான் எழுதினால் இரண்டு பேருக்கும் கோபம் வரும். இரையைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். முகாமைப் பற்றி மாமா எப்போதாவது ஒன்றிரண்டு சொல்வார். அப்பா கேட்கிறாரா, காது கேட்காமல் தண்ணீரைப் பார்க்கிறாரா என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் வீட்டில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, சம்பந்தமில்லாமல், "அவனுக்கு அம்மா முகம் பார்க்கக் கிடைக்கலை" என்றார்.

இதை எழுதுவது கண்ணீர் வரவழைக்க அல்ல. நம் படிவத்தோடு இந்த இரண்டு பேரும் வந்திருந்தால் கரையிலேயே உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்று காட்டத்தான்.

இரண்டு பேரும் ஒன்று என்றும் நான் சொல்ல வரவில்லை. ஒருவர் விடுதலைக்காகப் போனார், ஒருவர் சம்பளத்துக்காக, விடுதலைக்கு எதிரே நின்ற படைக்குப் போனார். அப்பாவே இதைக் குழப்ப மாட்டார். பில்லி நாயர் போன்ற விடுதலைப் போராளிகள் இதே டர்பனில் இருந்து ராபன் தீவுச் சிறைக்குப் போய் 20 வருடத் தண்டனை அனுபவித்த ஊர் இது. அந்தக் கணக்கை நம் தூண்டில் கழகம் தீர்க்கப் போவதில்லை, தீர்க்கவும் நமக்கு யாரும் அதிகாரம் கொடுக்கவில்லை. நாம் கொடுக்கப்போவது ஒரு நாற்காலி, ஒரு ராடு, கொஞ்சம் மத்தி. அதற்கு இவ்வளவு பெரிய தராசு எதற்கு?

சட்டமே நம்மைவிடத் தாராளமாக இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2011ஆம் வருடத்துப் படைவீரர் சட்டத்தை நான் உட்கார்ந்து படித்தேன். 1960 முதல் 1994 வரை நடந்த விடுதலைப் போரில் எல்லாத் தரப்பிலும் இருந்த படைகள், சட்டபூர்வமானதோ இல்லையோ, அதில் பணியாற்றியவர், 1961க்கு முன்னால் நாட்டின் பழைய படையான யூனியன் பாதுகாப்புப் படையில் இருந்தவர், 1994க்குப் பிறகு புதிய படையில் இருந்தவர், எல்லோரும் முன்னாள் படைவீரர்தான், பயிற்சி முடித்திருக்க வேண்டும், அவமானகரமாக நீக்கப்பட்டிருக்கக் கூடாது. 'எல்லாத் தரப்பிலும்' என்று அவர்களே எழுதிவிட்டார்கள். வீடு, ஓய்வூதியம், வைத்தியம், மனநல ஆலோசனை, பிள்ளைகள் படிப்பு, பஸ், ஈமச்சடங்கு வரைக்கும் அதில் பட்டியல் இருக்கிறது. மனசு ஆறுகிற மாதிரி ஒரு சனிக்கிழமை என்று எதுவும் பட்டியலில் இல்லை. அது அரசாங்கத்தால் கொடுக்க முடியாதது, நாம் கொடுக்கலாம். ஆனால் அரசாங்கத்தின் காகிதத்தையே நாமும் கேட்டால் அப்புறம் நாம் எதற்கு?

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1921இல் விக் கிளாப்ஹம் என்கிற ஒரு ரயில்காரர், முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கா முழுவதும் நடந்து திரும்பியவர், செத்துப்போன தோழர்களின் நினைவாக ஓர் ஓட்டம் வைக்க வேண்டும் என்று முன்னாள் சிப்பாய்களின் சங்கத்தை விடாமல் நச்சரித்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை ஓட வைத்தார். 34 பேர் கிளம்பி 16 பேர் வந்து சேர்ந்தார்கள். அதுதான் காம்ரேட்ஸ் மாரத்தான். இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் மெடல் போட்டுப் படம் எடுத்துக்கொள்கிற அதே ஓட்டம். 1927இல் சார்ல்ஸ் எவெண்டன் என்ற கார்ட்டூன்காரர் இதே டர்பனில் தொடங்கியதுதான் 'மாத்' என்கிற பழைய சிப்பாய்களின் அமைப்பு, இன்றைக்கும் கிளைகளுக்குக் 'குண்டுக்குழி' என்றுதான் பெயர் வைக்கிறார்கள். ஆக, சண்டை முடிந்து வந்தவனை விளையாட்டாலும் கூட்டாளிகளாலும் தேற்றலாம் என்பது டர்பன்காரனுக்கு நூறு வருடமாகத் தெரியும்.

ஆனால் அந்த ஓட்டத்தில் கறுப்பின மக்களும் பெண்களும் அதிகாரபூர்வமாக ஓட 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாருடைய போர், யாருடைய தோழர் என்று பிரிக்கிற வேலை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. அதற்கும் முன்னால், 1899 கடைசியில், போயர் போரில் காயம்பட்டவர்களைத் தூக்க நேட்டால் இந்தியர் ஆம்புலன்ஸ் படை போனது, சுமார் 1,100 பேர், அதில் ஏறக்குறைய 800 பேர் கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகள். ஸ்பியோன் கோப் மலையிலிருந்து டோலி தூக்கி மைல் கணக்கில் நடந்தார்கள். காந்தியின் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, தலைவர்களாக இருந்தவர்களுக்குப் பதக்கமும் கிடைத்தது. டோலியின் பின்பக்கக் கம்பைத் தோளில் வைத்தவர்களின் பெயர்? அதில் எத்தனை முனுசாமிகள், எத்தனை கோவிந்தம்மாளின் புருஷன்மார் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் உலகப் போரில் இந்திய மலாய்ப் படைப்பிரிவில் நம் தாத்தாக்கள் லாரி ஓட்டினார்கள், துப்பாக்கி கொடுக்கவில்லை. பட்டியலில் இல்லாத படைவீரன் என்பது நம் சமூகத்துக்குப் பரம்பரைச் சொத்து. நாமும் ஒரு பட்டியல் போட்டு அதிலும் ஆளை விட வேண்டுமா?

அப்புறம், மீன் பிடிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்ட அண்ணனுக்கு. அமெரிக்காவில் 2005இல் ஓய்வுபெற்ற கடற்படைக் கேப்டன் ஒருவர் வால்ட்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியின் புல்வெளியில், கை கால் போய் வந்தவர்களுக்குத் தூண்டில் வீசக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். அது இன்று நாடு முழுக்க இருக்கிற பெரிய அமைப்பு. அதற்கும் முன்னால், 1948இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர், முதுகுத்தண்டு உடைந்த 16 சிப்பாய்களைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து அம்பு விடச் சொன்னதில் இருந்துதான் பாராலிம்பிக் வந்தது. நம் ராபன் தீவிலேயே கைதிகள் பந்து விளையாட அனுமதி கேட்டுக் கேட்டு, கடைசியில் மகானா கால்பந்துச் சங்கம் என்று ஒரு லீகே நடத்தினார்கள், விதிப்புத்தகம், நடுவர், புகார்க் கமிட்டி எல்லாவற்றோடும். 2007இல் ஃபிஃபா அதைக் கௌரவ உறுப்பினராக்கியது.

ஆனால் எனக்கு இந்த உதாரணமெல்லாம் தேவையில்லை. நான் பார்த்தது போதும். டாக்டர் முன்னால் உட்கார வைத்து "என்ன கஷ்டம், சொல்லுங்கள்" என்றால் அப்பா "ஒன்றுமில்லை" என்பார். கரையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை, எல்லோரும் தண்ணீரைப் பார்க்கிறோம். பேச்சு வந்தால் வரும், வராவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. விரல் நுனியில் நரம்பை வைத்துக்கொண்டு அடியில் ஏதாவது தொடுகிறதா என்று கவனித்துக்கொண்டிருக்கிற அந்த இரண்டு மணி நேரம் அவருக்கு வேறு எந்த நினைப்பும் கிடையாது. வீட்டுக்கு வந்து, மீன் கிடைத்திருந்தால் புளியும் பச்சை மாங்காயும் போட்டுக் கறி, கிடைக்காவிட்டால் முட்டை. சாப்பிட்டுவிட்டு மதியம் தூங்குவார். வாரத்தில் அந்த ஒரு மதியம்தான் அவர் உளறாமல் தூங்குகிறார்.

அதனால்தான் கேட்கிறேன்: வருடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை 40 பேர் வேண்டாம். வாரம் ஒரு சனிக்கிழமை நாலு பேர் போதும். மேடை வேண்டாம், மைக் வேண்டாம். கையில் பெரிய காசோலை அட்டையைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பது வேண்டவே வேண்டாம். பரிசும் எதற்கு? பத்து வருடம் கழித்து முதல் தடவை வெளியே வருகிற மனிதர், இரண்டாவது பரிசுக்குக் கை தட்டுவதற்காகவா வருவார்?

படிவத்தில் மூன்றாவது கேள்வியையும் நான்காவது கேள்வியையும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, "படி ஏற முடியுமா? மணலில் நடக்க முடியுமா? காது எப்படி? எந்த மருந்து எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். பொய் சொல்லி யாராவது வந்துவிட்டால்? வரட்டுமே. காலை நாலரைக்கு எழுந்து, உப்புக்காற்றில் உட்கார்ந்து, நொந்துபோன மத்தியைக் கையால் பிட்டு முள்ளில் கோக்கிறதற்காக ஒருவர் பொய் சொல்லித்தான் வர வேண்டும் என்றால், அவருக்கும் ஏதோ தேவை இருக்கிறது.

காசு விஷயத்தில் அக்காவுக்கு மட்டும் சில வார்த்தை. டி-ஷர்ட்டுக்கும் பேனருக்கும் ஒதுக்கிய தொகையை மறுபடி பாருங்கள். கடலில் தூண்டில் போட ஒவ்வொருவருக்கும் உரிமம் வேண்டும், அதைக் கழகம் வாங்கிக் கொடுக்கட்டும், வருடத்துக்கு ஒரு தடவைதான். முதுகு சாய்கிற நாற்காலி ஆறு, மணலில் குத்துகிற ராடு தாங்கி ஆறு. ஒரு கை மட்டும் உள்ளவருக்கு இடுப்பில் கட்டும் தாங்கி ஒன்று, தைக்கத் தெரிந்தவர் நம்மிலேயே இருக்கிறார். மிச்சமெல்லாம் பெட்ரோல். பெட்ரோல்தான் முக்கியம், சாட்ஸ்வர்த்திலிருந்தும் பீனிக்ஸிலிருந்தும் விடியற்காலையில் ராடைத் தூக்கிக்கொண்டு இரண்டு டாக்ஸி மாறி வருவது முழங்கால் போனவர்களால் ஆகாது. நன்கொடை கொடுப்பவர்களுக்கு 18ஏ ரசீது கொடுக்கிற தகுதி நமக்குக் கிடைத்துவிட்டால், வரி விதிக்கப்படும் வருமானத்தில் 10 சதவீதம் வரைக்கும் அவர்களுக்குக் கழிவு உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் வியாபாரிகள் பேனர் கேட்காமலே கொடுப்பார்கள். சிலர் கொடுக்க மாட்டார்கள். அதுவும் பரவாயில்லை.

இடமும் பாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு உம்கேனி ஆறு கொண்டுவந்து கொட்டிய மரத்தையும் பிளாஸ்டிக்கையும் நாமெல்லாம் சேர்ந்து பொறுக்கினோம், ஞாபகம் இருக்கிறதா? அப்போது பச்சைத் தொப்பி மாமாவும் பொறுக்கினார், அப்பாவும் பொறுக்கினார். யாரும் யாரையும் எந்தப் படை என்று கேட்கவில்லை. பெரிய மழைக்கு அப்புறம் கழிவுநீர் கலக்கிற நாட்களில் வயதானவர்களைத் தண்ணீரில் இறக்காதீர்கள், புண் இருந்தால் ஆறாது. கார் கதவைத் திறந்து வைத்துப் பாட்டு அலற விடுகிற கும்பல் பத்து மணிக்குமேல்தான் வரும், அதற்குள் நாம் கிளம்பிவிடலாம்.

இவ்வளவு எழுதியதற்குக் கோபம் வந்தால் என்னிடம் காட்டுங்கள், அப்பாவிடம் போய்க் கேட்காதீர்கள். குறிப்பாக, போராட்டத்தில் அண்ணனைப் பறிகொடுத்த அந்த உறுப்பினர் அன்றைக்குப் பேசியபோது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். அவர் என் அப்பாவின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் கிடையாது. உட்கார மாட்டேன் என்றால் அது அவர் உரிமை. கரை நீளமானது, ஆற்றுவாய்க்கு அந்தப் பக்கமும் மீன் இருக்கிறது. அவரும் வரட்டும், தன் இடத்தில் உட்காரட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஷேட் பருவம் மூட இன்னும் இரண்டு சனிக்கிழமைதான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமையே ஆரம்பித்துவிடலாம் என்று நினைக்கிறேன், செயற்குழு தீர்மானம் வரும்போது வரட்டும். அப்பா ஐந்து மணிக்கெல்லாம் போய்விடுவார். வீட்டில் மத்தி இரண்டு கிலோ உறைய வைத்திருக்கிறேன், தேநீர் என் பொறுப்பு, முள்ளுக்கு முன்னால் கட்டுகிற கம்பி டிரேஸ் மட்டும் குறைவாக இருக்கிறது, ஷேட்டின் பல்லுக்கு நரம்பு தாங்காது, இருப்பவர்கள் கொண்டு வாருங்கள். மாமாவுக்கு இப்போது முழங்கால் மோசம், போன வாரம் வரவில்லை. அவர் தெருவில் இன்னொருவரும் இருக்கிறாராம், எந்தப் படை என்று நான் கேட்கவில்லை, வர விருப்பம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். என் கார் சின்னது, ராடோடு மூன்று பேர் ஏற முடியாது. பீனிக்ஸ் பக்கமிருந்து பேக்கியில் (பின்னால் திறந்த வண்டியில்) வருகிறவர் யாராவது இருந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கழகத்து உறுப்பினர் ஒருத்தி,
சாட்ஸ்வர்த், டர்பன்